எடை போடும் நாளில் மயிலாப்பூருக்கு

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். தூரம் மூன்று மைல், பஸ் கட்டணம் ஒன்றரை அணா. பயத்தில் மட்டும் நான் அவர்களுக்கு இளைத்தவளில்லை.

1944, சித்திரை மாதம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தோடு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். எனக்குப் பால் வற்றிவிட்டது. வாங்குகிற பாலிலோ பாதி தண்ணீர். ஐந்து மாதப் பிள்ளை உயிரோடிருந்தது சர்க்கார் தாய்சேய் நிலையத்துப் பால்பொடியால்தான். பிரசவம் மந்தைவெளியில் அம்மா வீட்டில் ஆனதால், மயிலாப்பூர் நிலையத்தில் பெயர் பதிந்திருந்தது. மாதம் ஒருமுறை பிள்ளையை எடை போட்டு ஒரு டப்பா கொடுப்பார்கள்.

காலை ஏழு மணிக்குப் பனகல் பூங்கா அருகே கரி பஸ் ஏறினேன். பெட்ரோல் பஞ்சத்தில் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி அது; நடந்து போகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். பக்கத்தில் கன்னியம்மா என்று ஒருத்தி, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சினிமா ஸ்டூடியோவில் சாரம் கட்டுகிறவரின் மனைவி. அவளும் அதே நிலையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பிள்ளை சிணுங்கியது. புட்டியில் கரைத்துக் கொண்டுவந்த பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றினேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“இன்னாம்மா பண்றே? எடை போட்டப்புறம் ஊத்து. புள்ள தேறிக்கிச்சின்னு பொடிய நிறுத்திடுவாங்க.”

தன் பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லையாம். இந்த மாதம் முழுக்கவே பொடியைக் கொஞ்சமாகத்தான் கரைத்தாளாம். பொடி நின்றால் என் பிள்ளை என்ன ஆவான்? பாலைத் திரும்பப் புட்டியில் ஊற்றி மூடிவிட்டேன்.

தேனாம்பேட்டை வரை அவன் வீறிட்டு அழுதான். ஆழ்வார்பேட்டையில் அழுகை நின்றது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கழுத்து துவண்டு, கண் பாதி செருகியிருந்தது. லஸ் முனையில் இறங்கியதும் ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து, பொடி போனால் போகட்டும் என்று ஊட்டினேன். முதல் இரண்டு பாலாடை கடைவாயில் வழிந்தது. மூன்றாவதை விழுங்கினான். கன்னியம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முன்னே நடந்தாள்.

எட்டு மணிக்கு நிலையம் திறந்தது. பதிவு எண்படி என்னை முதலில் கூப்பிட்டார்கள். தராசு முள் போன மாத எடையைத் தாண்டி நின்றது. தொலைந்தோம் என்றே நினைத்தேன். நர்சம்மா டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

“ஏறியிருக்கான். பொடி பிள்ளைக்குத்தான் போகுதுன்னு தெரியுது. எடை ஏறாத வீட்டுக்கு இனிமே கிடையாதும்மா. பாதிப் பொடி பெரியவங்க காப்பியில போயிடுது.”

திரும்பி ஓடிவந்து கன்னியம்மாவிடம் சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை. டப்பாவைப் பார்த்ததும் நம்பினாள். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னிடம் மிச்சமிருந்த பாலைக் குழந்தையின் வாயில் ஊற்றிக்கொண்டே உள்ளே போனாள். ஒரு வாய்ப் பால் எந்த முள்ளை நகர்த்தும்? போன மாதத்தைவிடக் குறைவு என்றார்கள். வேண்டுமென்றே தான் பட்டினி போட்டதை அவள் அழுதுகொண்டே சொன்னாள். எல்லாரும் ஒரு கதை சொல்கிறார்கள் என்று நர்சம்மா அடுத்தவளைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் கன்னியம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தேனாம்பேட்டை தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“வர்ற மாசம் எடைய ஏத்திக்கினு வரச் சொல்றாங்க. பொடி இல்லாம இன்னாத்த ஊட்டி ஏத்தறது?”

பாதியைத் தா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. நான் டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டேன்.