ஷாகிதா அனுப்பிய பத்துக் கணக்கு

ஷாகிதா இறந்துவிட்டாள். என் நர்ஸிங் கிளாஸ்மேட். நேற்று சாயங்காலம் தாடிக்கொம்பு ரோட்டில் ஸ்கூட்டியில் வரும்போது லாரி மோதி... அவ்வளவுதான்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. அவள் மேல், அந்த லாரி மேல், என் மேல்.

எனக்கும் மருந்து அளவுக் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எத்தனை மில்லி என்ற கணக்கு. சரியான விடை 3.6. நான் 36 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஷாகிதா என் நோட்டை எட்டிப் பார்த்தாள். லேபில் இருந்த ஐந்து மில்லி சிரிஞ்சையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் என் முன்னால் வைத்தாள். "நீ எழுதுனத எடுத்துக் காட்டு."

எட்டுத் தடவை இழுத்து இழுத்து இன்னொரு டம்ளரில் ஊற்றினேன்.

"அம்புட்டையும் அந்தப் புள்ள வாயில ஊத்துவியாக்கும்? பாதி பாட்டில் காலிடி!"

அன்றிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் இதே தண்ணீர் வேலைதான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன வாரம் டெஸ்ட். அவள் பக்கத்து பெஞ்ச். நான் எட்டிப் பார்த்ததும் பேப்பரைக் கையால் மூடிக்கொண்டாள். நான் ஃபெயில்.

கேன்டீனில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "இனிமே எங்கூடப் பேசாத."

"வார்டுல யாரைப் பாத்து எழுதுவ செல்வி?" என்றாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முந்தாநாள் வாட்ஸ்அப்பில் பத்துக் கணக்கு எழுதி அனுப்பியிருந்தாள். என் ரீடெஸ்ட்டுக்காம். பார்த்தேன்... ஒரு தம்ஸ்அப் கூடப் போடவில்லை. என்ன வீம்போ எனக்கு.

இன்று காலை அவள் வீட்டில், அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் செல்வியா? ஒனக்குத்தாம்மா எழுதிட்டிருந்தா. சாப்புட வாடின்னா, இந்தா வாரேன் வாரேன்னு... சோறு ஆறியே போச்சு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்து பத்தையும் போட்டேன். ஒன்பதாவது, இடுப்பில் போடுகிற ஊசி. 28 மில்லி என்று வந்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்து, சிரிஞ்சில் இழுக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது தடவை இழுக்கும்போதே தெரிந்துவிட்டது.

தப்புதான்டி ஷாகிதா. திரும்பப் போடுறேன்... நீ போ.