கோடு போடாத ஞாயிறுகள்

காருக்கு எத்தனை மைலுக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவுக்கு டிரைவராக இருந்தேன். பழைய கார். மைல் காட்டும் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. வாரம் மூன்று நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவோம். "ஒரு தடவைக்கு அம்பது மைல்னு வச்சிக்கோப்பா. இருபது தடவ ஆச்சின்னா எண்ணெய மாத்திடணும்" என்றார் அம்மா. போய்வரும் ஒவ்வொரு முறையும் ஷெட் கதவில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பாண்டிச்சேரியில் இருந்த தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போய்விடுவார். எனக்குக் கல்யாணமான புதிது. மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்டாச்சிபுரத்தில் மாமியார் வீட்டு வாசலில் போய் இறங்கினால் தெருவே எட்டிப்பார்க்கும். அந்தப் பவுசுக்காக அம்மாவுக்குத் தெரியாமல் ஐந்து ஞாயிறு போனேன். போய்வர எழுபது மைல் இருக்கும். பெட்ரோல் நானே போட்டேன். கோடு மட்டும் போடவில்லை.

அந்தக் கார் ஓட ஓட எண்ணெயும் குடிக்கும். ஒருநாள் எண்ணெய் அளக்கும் குச்சியை விட்டுப் பார்த்தேன், நுனியில்தான் ஒட்டியிருந்தது. எண்ணெய் டின் அம்மாவின் அலமாரியில். கேட்டால், "அதுக்குள்ளவா?" என்பார். நான் கேட்கவில்லை.

ஒரு பங்குனி மத்தியானம் பிரம்மதேசத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்தார். மனைவிக்குக் குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம். அம்மா பையோடு பின்சீட்டில் ஏற, அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு, என் மனைவி உட்கார்ந்துவந்த அதே சீட்டில் ஏறினார். "ஜல்தியா போங்கண்ணா, அவ கத்திக்கினே கீறா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அழுத்தினேன். ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது அடியில் கடகடவென்று சத்தம். இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

பையை நான் தூக்கிக்கொள்ள, மூன்று பேரும் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாசலில் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. "இப்பதாம்மா, கொஞ்சம் முன்னாடிதான்" என்றாள் மருத்துவச்சி.

மறுநாள் அம்மா ஷெட் கதவருகே நின்று கோடுகளை எண்ணினார். பதினேழு. "இருபதுகூட ஆவலியே. உன் மேல தப்பில்லப்பா, என் கணக்குதான் தப்பு. இனிமே பத்துக்கே மாத்திடு" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று பயந்தேன். கோழை.

இன்றைக்கும் எந்த வண்டியில் கடகடவென்று கேட்டாலும் பக்கத்து சீட்டிலிருந்து அந்த ஆள் "ஜல்தியா போங்கண்ணா" என்கிறார். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இன்ஜினைச் சரிசெய்த பிறகு, பத்துக் கோட்டுக்கு ஒரு முறை காருக்கடியில் படுத்து எண்ணெய் இறக்கும் திருகாணியைக் கழற்றுவேன். இன்னும் ஐந்நூறு மைல் தாங்கக்கூடிய நல்ல எண்ணெய் இறங்கும். அம்மா பக்கத்தில் வந்து நின்று, "முன்னாடியே இப்படி மாத்தியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருப்பா, இல்லப்பா?" என்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

நான் கீழே படுத்தபடியே, "ஆமாங்கம்மா" என்பேன்.