வயிற்றில் இல்லாத தழும்பு

செங்கம்மாவுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கி ரொம்ப நாளாகியிருந்தது. சித்தூர் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நின்றபடியே பழம் நறுக்குகிறவள். எல்லாருக்கும் இருக்கிற வலிதான் என்று விட்டுவிட்டாள். கடைசியில் பாகாலா டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், அரசாங்க ஆரோக்கியக் கார்டு இருந்தால் திருப்பதியில் செலவில்லாமல் செய்வார்கள் என்றாள்.

கார்டு இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கூட வர ஆளில்லாததால் தனியாகவே ரயிலேறினாள். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கார்டை நீட்டினாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"முன்னாடியே இங்க வந்திருக்கீங்களேம்மா. சிசேரியன். பாப்பா நல்லா இருக்குதா?"

"எனக்கா? எனக்குப் புள்ளையே இல்லம்மா."

"உங்க பேரு, உங்க ஆதார்தான் இருக்குது. பொம்பளப் புள்ள. உங்க பிளட் குரூப் பி பாசிட்டிவ்."

செங்கம்மாவின் ரத்தம் ஓ பாசிட்டிவ். புருஷன் லாரியில் அடிபட்டுக் கிடந்தபோது ரத்தம் கொடுக்கப் போய்த் தெரிந்துகொண்டது. அதைச் சொன்னதும் கவுன்டர் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் செங்கம்மாவைப் படுக்க வைத்து அடிவயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். ஆபரேஷன் செய்த தழும்பு எதுவும் இல்லை.

"உங்க பேர்ல வேற யாரோ குழந்தை பெத்திருக்காங்க. இந்த ரெக்கார்டை நம்பி உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருந்தா உயிரே போயிருக்கும்" என்றார். வயிற்றில் தழும்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் திருத்திய பிறகுதான் ஆபரேஷன் என்றும் சொல்லிவிட்டார்.

யார் என்று அவள் ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிரியங்காவாகத்தான் இருக்கும்.

பிரியங்கா பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தவள். திருத்தணிக்காரி. புருஷன் சுனில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டான். வயிற்றுப்பிள்ளையோடு இருந்தவளுக்குச் செங்கம்மாதான் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். அப்போது செங்கம்மாவிடம் போன் கிடையாது. ஆதாரில் நம்பர் சேர்க்கச் சொன்னபோது, "என் நம்பரைக் குடுத்துடு அக்கா" என்றாள் பிரியங்கா. கொடுத்துவிட்டாள். மாம்பழ சீசன் வந்ததும் வீட்டுச் சாவியை அவளிடம் விட்டுவிட்டு ஃபேக்டரி ஷெட்டிலேயே போய்த் தங்கினாள். திரும்பி வந்தபோது அந்தப் போர்ஷன் காலியாக இருந்தது. ஆரோக்கியக் கார்டு பெட்டியில் வைத்த இடத்திலேயே இருந்ததால் எந்தச் சந்தேகமும் வரவில்லை. தாய்வீட்டுக்குப் போயிருப்பாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று செங்கம்மா காத்திருந்தாள். வரவேயில்லை.

சச்சிவாலயம் என்கிற ஊர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த சுரேஷ்பாபு தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாக எடுத்துச் சொன்னான். "உன் ஆதார்ல இன்னும் அந்தப் பொண்ணு போன் நம்பர்தான் இருக்குது அக்கா. ஓடிபி எல்லாம் அங்கதான் போகுது. கார்டு போட்டோவும் உன் கல்யாணத்தப்போ எடுத்தது, யாருன்னே தெரியல." ஆதார் சென்டரில் ரேகை வைக்கச் சொல்லி அவளுடைய சொந்த நம்பரைச் சேர்க்க வைத்தான். ஆதார் எங்கெங்கே பயன்பட்டிருக்கிறது என்று போனிலேயே பார்த்துக் காட்டினான். அவளைத் தவிர யாரும் ரேகையைப் பயன்படுத்த முடியாதபடி லாக் போட்டான். இனிமேல் ஜெராக்ஸ் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறாள் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னான்.

போலீசில் புகார் கொடுத்தாள். அந்த போன் நம்பரை வைத்தே பிரியங்காவைப் பிடித்துவிட்டார்கள். நாராயணவனத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த இருவரும் திருப்பதி முனிசிபல் ஆபீசுக்கு வர வேண்டியிருந்தது. பிரியங்கா இளைத்துப் போயிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை செங்கம்மாவின் கண்ணாடி வளையலைப் பிடித்து இழுத்தது.

"புள்ள குறுக்கால இருக்குது, ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க அக்கா. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். என் கார்டு தமிழ்நாட்டு கார்டு, இங்க செல்லல. அவரும் போனை எடுக்கல."

"ஃபேக்டரிக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே. வந்து உன் பக்கத்துல குந்திக்கினு இருந்திருப்பேன்."

பிரியங்கா அழுதாள். "அப்புறம் உன் மூஞ்சில முழிக்கத் தைரியம் வரல."

கிளார்க் பழைய சான்றிதழை நீட்டினார். செங்கம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். குழந்தை: காவ்யா. தாய்: செங்கம்மா. இன்னொரு முறையும் படித்தாள்.

"இதை இப்படியே உட்டுட்டா இன்னா சார் ஆவும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனா அந்தப் பொண்ணைத் தாயின்னே ஒத்துக்கமாட்டாங்கம்மா. உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டும் சரியாவாது."

செங்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது பிரியங்கா, "ஆபரேஷனுக்கு நான் வந்து இருக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் செங்கம்மா. கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்ப அவளால் முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் ஏற்றும் முன், ரத்தப் பையின் மேல் ஓ பாசிட்டிவ் என்று இருந்ததை நர்ஸ் அவளுக்கும் ஒரு முறை காட்டினாள். துணைக்குக் கூலி கொடுத்து வார்டு ஆயாவை வைத்துக்கொண்டாள். பிரியங்கா மேல் கேஸ் இன்னும் நடக்கிறது. அவளை ஜெயிலில் போட வேண்டாம் என்று செங்கம்மா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். குரல் இனிமையாக இருந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"கஞ்சி குடிச்சேம்பா."

"உடம்பு சரியில்லையா?"

"ஆபரேஷன் ஆயிருக்குது. வெயிட்டு தூக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஜாக்கிரதையா இருங்கம்மா" என்றான் அவன். பிறகு, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லச் சொன்னான்.

நம்பர் வந்திருந்தது. செங்கம்மா சொல்லவில்லை. அவன் மறுபடி மறுபடி கேட்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். அந்த வாரம் வேறு யாரும் அவளுக்குப் போன் செய்திருக்கவில்லை.