தெற்கு விளிம்பு

பெங்களூர் மர்பி டவுனில் குடியிருக்கும் ஓஸ்வால்டுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் நில அளவை வரைபடங்கள் வரைந்த கை. இப்போது இந்திராநகரில் ஒரு சின்ன கம்பெனியில் ஒப்பந்த வேலை: நிலாவைச் சுற்றும் விண்கலம் எடுத்த படங்களில் பள்ளங்களின் விளிம்பைக் கோடு போட்டுக் காட்டுவது. பின்னாளில் அங்கே ஓடப்போகும் வண்டிக்கு அந்தக் கோடுகள்தான் வழி சொல்லும்.

அன்று மனைவி மௌரீன் இறந்த முப்பதாம் நாள். மாலை ஆறு மணிக்குச் சர்ச்சில் பூசை. தொடக்கத்திலேயே சாமியார் அவள் பெயரை வாசித்துவிடுவார். அதைக் காதால் கேட்டுவிட வேண்டும். வேறெதையும் ஓஸ்வால்ட் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரமாக அவர் கையில் ஒரே பள்ளம். மிகப் பழையது. காற்றும் மழையும் இல்லாத இடத்தில், சிறு கற்கள் விழுந்து விழுந்தே விளிம்பு தேய்ந்து, தெற்கே அது இருக்கிறதா என்றே தெரியாமல் கிடந்தது. சுற்றிலும் பொடிப் பள்ளங்கள். நாலரை மணிக்குக் கடைசிப் படத்தை முடித்தபோதுதான் நிழலைக் கவனித்தார். வெயில் மேலிருந்து விழும்படி படத்தைத் திருப்பி வைத்துத்தான் கோடு போட வேண்டும். இல்லையென்றால் கண் ஏமாந்து பள்ளம் மேடாகத் தெரியும். தெற்குப் பக்கத்துப் பதினோரு படங்களை அவர் திருப்பவே இல்லை. பள்ளத்தையெல்லாம் மேடு என்று குறித்திருந்தார்.

சரிபார்க்கும் டேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்ப்பான். பேசாமல் எழுந்து போயிருக்கலாம். ஓஸ்வால்ட் மேலதிகாரியின் மேசைக்குப் போனார்.

"பார்கவி மேடம், பதினொண்ணு தப்பாயிடுச்சு. படத்தத் திருப்பாமயே போட்டுட்டேன்."

பார்கவி மணி பார்த்தாள். "ஆறுக்குள்ள அனுப்பணும் சார். பரவால்ல, நீங்க சர்ச்சுக்குக் கெளம்புங்க. டேரில் போடட்டும்."

"நானா? அங்க விளிம்பே இல்ல மேடம், தோசைக்கல்லு மாதிரி இருக்கு," என்றான் டேரில். "அங்கிள் கண்ணுக்கு மட்டுந்தான் அது தெரியும். நான் போட்டா வண்டி குப்புற விழும், அப்புறம் என் தலையத்தான் உருட்டுவீங்க."

"சும்மா இர்ரா," என்று ஓஸ்வால்ட் மறுபடி உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாகத் திருப்பி, அழித்து, போட்டார். பதினோராவதை முடிக்கும்போது ஐந்து ஐம்பது. அல்சூரில் ஆட்டோ நகரவில்லை, இறங்கி நடந்தார். கோயிலுக்குள் நுழைந்தபோது பைபிளின் முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் லவினா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"பேரு வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சுப்பா. இன்னிக்குமா ஆபீசு?"

உட்கார்ந்ததும் கால்களுக்கு இதமாக இருந்தது. அப்படி இருந்ததே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.