தனி ஷோ

சுனாமி அலை வந்துபோன அடுத்த வருஷம், மரக்காணத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் உலகத் திரைப்பட விழா நடந்தது. ‘எல்லோரும் வரலாம்’ என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் என் மனைவியை அழைத்துப் போனேன். சர்க்கரை நோய் அவள் இரண்டு கண்களையும் அணைத்துவிட்டிருந்தது. மாதக்கணக்காக வெளியே வராதவள். “வர்றேன். சரிப்படலன்னா இனிமே எங்கியும் என்னைக் கூப்புடக் கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் புடவை மாற்றினாள்.

ஏதோ குளிர்தேசத்துப் படம். பேச்சு புரியாது, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அவள் காதோடு சொல்லிக்கொண்டே வந்தேன். “பனிம்மா. பங்குனி மாச உப்பளம் மாதிரி, வானமே உதிர்ந்து வந்து...”

முழங்கையில் கிள்ளினாள். “கவிதையெல்லாம் அப்புறம். அந்தப் பொண்ணு என்ன பண்றா?”

அதற்குள் அந்தப் பெண் மூன்று வரி பேசி முடித்திருந்தாள். எழுத்தைப் படித்தால் முகம் தப்பிவிடுகிறது, முகத்தைச் சொன்னால் எழுத்து ஓடிவிடுகிறது. இத்தனை வருஷம் கவிதை எழுதி, சொற்களோடு புழங்கியவன். ஒருத்தி அடுப்பு மூட்டுவதை நேரத்துக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்: “ஏம்பா, படம் பாக்க வந்தியா, கத சொல்ல வந்தியா?” சிரிப்பு.

விழா நடத்துபவர் குனிந்தபடி வந்தார். நல்ல மனிதர்; தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுவந்தார். “மேடம், மத்தவங்களுக்கு டிஸ்டர்பா இருக்குதாம். நாளைக்கு உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குன்னே தனி ஷோ போட்டுடறோம்.”

“தனியா உக்கார்றதுக்கு எங்க வீடு போதுமே சார்” என்றாள். எழுந்தும்விட்டாள்.

இப்போது கிளம்பினால் அவ்வளவுதான். இனி அவளுக்கு நாலு சுவரும் ரேடியோவும்தான். “கொஞ்சம் இரும்மா, கொஞ்சமே கொஞ்சம்” என்று கெஞ்சினேன்.

எங்களுக்கு முன்னால் உப்பளத்து வேலை முடிந்து நேராக வந்திருந்த பெண்கள். ஒருத்தி திரும்பினாள். “இன்னாண்ணா நீ, பொண்டாட்டி காதுலியே குசுகுசுன்னா எப்டி? எங்களுக்கு மட்டும் அந்த இங்கிலீஷு தெரியுதா? சத்தமாப் படியேன்.”

“படத்துல அவ வீட்டுக்காரன் ஏன் அழுவுறான்னே புரியல” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“வீட்டுக்காரன் இல்லடி, அண்ணன்.”

“அண்ணனா? எந்த ஊர்ல அண்ணன் இந்த அழுவ அழுவுறான்?”

விழாக்காரர் பாட்டிலும் கையுமாக நின்றார். பின்வரிசை முணுமுணுத்தது. நான் எழுந்து நின்று, ஓடும் எழுத்தைத் தமிழாக்கித் தொண்டை கிழியப் படித்தேன். படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். சொற்கள் தடுமாறின. திரைக்கும் மனைவிக்குமாக அலைந்த கண், கடைசியில் அவள்மேலேயே நின்றுவிட்டது. உட்காருவாளா, போய்விடுவாளா?

இரண்டும் செய்யவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றவள், “ஏன் நிறுத்திட்டீங்க? கதவத் தொறந்தாளா இல்லியா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் திரையைப் பார்க்கவே இல்லை.