இட்லியா, பூரியா?

இரண்டு வாரம் முன்பு, சனிக்கிழமை மாலை. தூத்துக்குடியிலிருந்து ஒரு போன்.

"அண்ணாச்சி, ஜெசிந்தா பேசுதேன். நாளைக்கு ஸ்கூபா டைவிங் புக் பண்ணியிருக்கீயல்லா? காலை டிபன் இட்லியா, பூரியா?"

எனக்கு ஆச்சரியம். அவருடைய படகில் ஆன்லைனில்தான் இடம் பிடித்திருந்தேன். பெயர், வயது, எடை, பாத அளவு, டிபன் — வெப்சைட் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டது. பிறகு எதற்கு போன்?

"பார்ம்லயே இட்லின்னு போட்டிருக்கேனே…"

"போட்டிருக்கீய. வாயால ஒருக்கா சொல்லுங்களேன்."

"இட்லி."

அந்தப் பக்கம் சிரிப்பு. "எத்தனை நாளாச் சளி?"

மூன்று நாளாக! ஆனால் சளி, மூக்கடைப்பு, காதுவலி என்று நீண்ட பட்டியலில் வரிசையாக 'இல்லை' என்று டிக் அடித்தவன் நான்தான். நீங்கள் மட்டும் படித்துவிட்டா அடிக்கிறீர்கள்?

ஐம்பது வயதில் முதன்முறையாகக் கடலுக்குள்… அதுவும் முத்துக் குளித்த கடல். விட மனம் வருமா? மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"மூக்கு அடைச்சிருந்தா காத்து காதுக்குப் போவாது அண்ணாச்சி. கீழ போவப் போவத் தண்ணி அமுக்கும். செவிப்பறை கிழிஞ்சிட்டுன்னா, பெறவு நான் போன் போட்டாலும் உங்களுக்குக் கேக்காது."

அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டார். எனக்கோ ஏமாற்றத்தைவிடக் குறுகுறுப்பு அதிகம். எல்லாரிடமும் இப்படித்தான் டிபன் கேட்பாரா?

"பின்னே? முன்னால போன்லதான புக்கிங். யாருக்குச் சளி, யாருக்குப் பயம்னு பேச்சுலயே தெரிஞ்சிரும். ஆன்லைன் வந்த பெறவு வாரவுக அத்தனை பேரும் பயில்வான்! நேரா கேட்டாலும் மறைச்சிருவாவ. டிபனைக் கேட்டா தாராளமாப் பேசுவாவ."

உண்மைதானே? மனிதரிடம் பொய் சொல்ல நாக்கு கொஞ்சமாவது தயங்குகிறது. திரையைத் தொடும் விரலுக்கு அந்தக் கூச்சமே கிடையாது.

மூக்கு திறந்து, போன ஞாயிறு இறங்கினேன். பச்சை வெளிச்சம். என் மூச்சு குமிழ் குமிழாக மேலே போய்க்கொண்டிருந்தது. பவளப்பாறை இடுக்கில் கோடு போட்ட மீன் ஒன்று — அது என்னை வேடிக்கை பார்த்ததா, நான் அதையா?

ஜெசிந்தா விரல்களை வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். நலமா? பழக்கதோஷம், நலம் என்று சொல்ல என் விரல்களும் வளைந்துவிட்டன. பாதியில் நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டினேன். வலி.

கையைப் பிடித்து ஒரு முழம் மேலே கூட்டிப்போய்க் காத்திருந்தார். காது மெல்லத் திறந்தது.

பாருங்கள், வாயே திறக்க முடியாத இடத்தில்தான் எனக்கு உண்மை வருகிறது!