இரண்டாவது நாற்காலி

“இது ஒரு ராஜ்யம்” என்று என் இடது கன்னத்தில் நுரையை அப்புகிறார் சலூன்காரர். வலது கன்னத்திலும் அப்பி, “இது பங்காளி ராஜ்யம்.” இரண்டுக்கும் நடுவே கிடக்கும் என் மீசைக்குத்தான் தகராறாம். தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போது யார் மறுத்துப் பேசுவது? உலகப்போர் மூண்ட காரணத்தை எங்கள் தெருவே இப்படித்தான் தெரிந்துகொண்டது.

சலூன்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரேடியோ’. அது அவருக்கும் தெரியும். “ரேடியோவைத் திருகி நிறுத்தலாம், என்னை முடியுமா?” என்று சிரிப்பார். போருக்கு அவர் சொல்லும் காரணம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் எண்ணெய்க் கிணறு, மறுவாரம் துறைமுகம். “இவனுக்கு அவன் துணை, அவனுக்கு இன்னொருத்தன். குழாயடிச் சண்டைதாங்க, குடத்துக்குப் பதிலா குண்டு.”

போர் வந்ததிலிருந்து சவர சோப்பு கிடைப்பதில்லை. துணி சோப்பைக் கரைத்து நுரைக்கிறார், முகம் எரிகிறது. வாடிக்கை என்று மிஞ்சியது கிழவர்கள், குழந்தைகள், பிறகு பட்டாளம் வேண்டாமென்று தள்ளிவிட்ட என்னைப் போன்ற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்கள். போருக்குப் போனவர்களுக்கெல்லாம் இவர்தான் காசு வாங்காமல் கிராப்பு வெட்டி அனுப்பினார். சொந்த மகனுக்கு வெட்டிய அன்று மட்டும் ரேடியோ வாயே திறக்கவில்லை.

இரண்டாவது நாற்காலி அந்த மகன் நின்று முடிவெட்டும் இடம். தினமும் அதைத் துடைப்பார். அவனுடைய சீப்பும் கத்தரியும் வலது கைக்கு வாகாகத் தட்டில் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் நான் அதில் உட்காரப் போனேன்.

“அதுல வேணாங்க. அவன் வந்து வெட்டுவான்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் வெட்டிக்கொண்டேன்.

நேற்று நான் உள்ளே நுழைந்ததும் ஒரு கடிதத்தை நீட்டினார். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அடுத்த வாரம் மகன் வீட்டுக்கு வருகிறான்; வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

“ஏங்க, நீங்க படிச்சவரு. எதுக்குங்க இந்தச் சண்டை?” என்றார்.

கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

“இதுல உக்காருங்க” என்று இரண்டாவது நாற்காலியைக் காட்டினார். மகனின் சீப்பையும் கத்தரியையும் தட்டின் இடது பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் கத்தரியை எடுத்து என் தலையில் வெட்டிப் பார்க்கத் தொடங்கினார்.